ஊட்டிக் குளிரிலும் ஓவர்கிளாக் நிலைக்கவில்லை

கம்ப்யூட்டர் சிப் ரைசன் 5 3600, வழக்கமான வேகத்துக்கு மேல் ஏற்றி (ஓவர்கிளாக்) எல்லா கோரும் 4.3 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட். வேகம் அளக்கும் சினிபெஞ்ச் முடிகிறது, சிப்பை முழு லோடில் சோதிக்கும் பிரைம்95 போட்டால் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட். ஃபிங்கர்போஸ்ட்டில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன், சிப் மட்டும் 93 டிகிரி! சிப்போடு கூட வந்த கூலர்தான். ராம் எக்ஸ்எம்பியில் (ராமை வேகமாக ஓட்டும் செட்டிங்) 3600 வேகம்.

குன்னூர்க்காரன்: முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், சிப், ராம் இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) 1.3 வைத்தாலும் லோடு ஏறினால் வோல்டேஜ் சரியும், அந்தச் சரிவை ஈடுகட்டும் லோட் லைன் காலிபரேஷனை ஒரு படி ஏற்றிப் பாருங்கள், கடைசிப் படிக்குப் போக வேண்டாம்.

மலைக்காற்று: 93 டிகிரியில் இன்னும் வோல்டேஜா அண்ணா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, குளிர் இருந்தாலும் ஃபேன் தள்ளும் காற்றில் சத்து இல்லை. டவர் கூலர் (உயரமான பெரிய கூலர்) வாங்குங்கள். அதுவரை 4.2.

கேட்டவர்: எக்ஸ்எம்பி இல்லாமலும் விழுந்தது, ஆக ராம் மீது பழி இல்லை. 4.2, 1.25 வோல்ட்டில் இரவு முழுக்க ஓடியது, 81 டிகிரி. அறையும் கதகதப்பாகிவிட்டது, ஹீட்டர் போடவில்லை.