மறு: "ரெஃபரன்ஸ் இன்டர்வியூ" – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த விவாத இழை இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. ஒன்று தலைப்பில் உள்ள சொல்: வாசகருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அறிய நூலகர் அவரோடு நடத்தும் உரையாடலின் பெயர். மற்றது, நடுவில் ஒரு நண்பர் கிளப்பிய பெயர்மாற்றம்:

> நூலகர் என்றாலே முத்திரை குத்தி நூல் கொடுப்பவர் என்றுதான் நினைக்கிறார்கள். 'தகவல் வல்லுநர்' என்று மாற்றினால் மதிப்பு கூடும்.

நூலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நூலகர் என்றால், "கொடுத்துவைத்தவர், நாளெல்லாம் படிச்சிட்டே இருக்கலாம்" என்பார்கள். படிக்க நேரம் கிடைக்காத வேலைகளில் இதுவும் ஒன்று என்றால் யாரும் நம்புவதில்லை. உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பவர் என்ற பிம்பம் அதற்கு அடுத்தது. வெளியாட்களை மட்டும் குறை சொல்வானேன்? இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனே 1924இல் கணித ஆசிரியர் வேலையிலிருந்து நூலகராக மாறியபோது, சலிப்புத் தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடக் கேட்டவர்தான். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்கே நூலகங்கள் இயங்குவதைப் பார்த்த பிறகே மனம் மாறினார்.

ஆனால் பெயரை மாற்றிப் பயனில்லை. தகவல் அலுவலர், தகவல் மேலாளர், அறிவு மேலாளர் என்று எங்கள் துறையிலேயே பல பெயர்ப்பலகைகளை மாட்டிப் பார்த்தாயிற்று. ஒருவரிடம் 'தகவல் அலுவலர்' என்று சொல்லிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் வேலையா?" என்றார். நூலகர் என்றேன். "அப்படிச் சொல்லுங்க" என்றார். இவ்வளவு எளிதில் புரியும் சொல்லை ஏன் தூக்கிப் போட வேண்டும்? நூலகர் செய்யும் வேலைகளுக்குத்தான் தமிழில் பெயர் போதவில்லை. முத்திரை குத்துவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுவே வேலை என்றாகிவிட்டது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதைத் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஒருவர் வந்து, "இரத்தம் பத்தி புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறார். உடற்கூற்றியல் அலமாரியைக் கைகாட்டினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். முடியவில்லை. "எதுக்காகத் தேவைப்படுது?" என்று பதமாகக் கேட்டால், அம்மாவின் பரிசோதனை முடிவில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்திருக்கிறது, என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று தெரிய வேண்டும் என்கிறார். அவருக்கு வேண்டியது வேறு அலமாரியில் இருக்கிறது.

ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1960களில் வாசகரின் தேவையை நான்கு நிலைகளாகப் பிரித்தார். உள்ளுக்குள் உறுத்தும் தேவை, மனம் உணர்ந்த தேவை, சொல்லில் வடித்த தேவை, கடைசியாக 'இந்த நூலகத்தில் இப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்' என்று வாசகரே சுருக்கிக்கொண்ட தேவை. நம் மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்த நான்காவதுதான். அதிலிருந்து பின்னோக்கி நடந்து முதல் நிலையை நெருங்குவதுதான் அந்த உரையாடல். 'உஷ்' சொல்பவராக உலகம் நினைக்கும் ஆள், உண்மையில் வாசகரைப் பேச வைக்கத்தான் பாடுபடுகிறார்.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள்.

'குறிப்புதவி நேர்காணல்': 'ரெஃபரன்ஸ்' என்பதற்குக் குறிப்புதவி என்ற சொல் பாடநூல்களில் இருப்பதுதான். நேர்காணல்தான் இடிக்கிறது. வேலைக்கு வந்தவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது போல இருக்கிறது. ஏற்கெனவே கூச்சத்தோடு வருகிறவர் எழுந்தே ஓடிவிடுவார்.

'விசாரணை': வேண்டவே வேண்டாம். காவல் நிலைய வாடை.

'வினவல்': கணினிக்காரர்கள் தேடுபொறியில் தட்டும் கேள்விக்கு எடுத்துக்கொண்டார்கள். தவிர, அது ஒருவழிப் பாதை.

'தேவை நாடல்': எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது, நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற சாயல் இருப்பதால். ஆனால் வாசகர் நூலகத்தை நாடுவதும் நாடல்தானே? குழப்பும்.

என் பரிந்துரை 'உசாவல்'. உசாவுதல் என்றால் கேட்பது மட்டுமில்லை, கலந்து ஆராய்வதும்கூட. உசாத்துணை என்பது பழைய சொல், கலந்து பேசத்தக்க துணை என்று பொருள். இலங்கைத் தமிழில் 'ரெஃபரன்ஸ்' என்பதற்கு அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே புதிதாக எதையும் திணிக்கவில்லை. கிளைச் சொற்களும் முரண்டு பிடிக்காமல் வருகின்றன: உசாவல் மேசை, உசாவல் பதிவு, இணையவழி உசாவல். வினையாகவும் புழங்கலாம்: "வாசகரிடம் உசாவிய பிறகு நூலைத் தேடினேன்."

> உசாவுவது வாசகரா, நூலகரா என்று தெளிவாக இல்லையே?

இருவரும்தான். வாசகர் நூலகரிடம் உசாவுகிறார், நூலகர் வாசகரிடம் உசாவுகிறார். அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. நேர்காணலில் இல்லாதது அதுதான்.

நேர்காணலே போதும் என்று எழுதிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: அம்மாவின் பரிசோதனை முடிவோடு வந்த அந்த மனிதரை வைத்து, உங்கள் சொல்லில் ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
ஒரு நூலகர் (தகவல் அலுவலர் அல்ல)