மறு: அக்செலரோமீற்றருக்குத் தமிழ்: முடுகுமானி?

அன்பின் நண்பர்களுக்கு,

மூன்று கட்டுரைகள் கையில் இருக்கின்றன. தனியே இருக்கும் முதியவர் விழுந்தால் அறிவிக்கும் கைப்பட்டி, சிலிக்கன் சில்லு செய்யும் முறை, வலசைப் பறவையின் முதுகில் பூட்டும் கருவி. மூன்றிலும் ஒரே உறுப்பு வருகிறது, ஆளுக்கொரு பெயரோடு: வேகம் மாறுவதை உணரும் அக்செலரோமீற்றர். அச்சுக்குப் போகுமுன் ஒன்றாக்க வேண்டும்.

> அசைவுணரி என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். ஆள் நடமாடினால் மின்குமிழை எரியவைக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் நேராக ஓடும் பஸ்ஸில் இருந்தாலும் வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் நம் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான் (குழிகளை விட்டுவிடுவோம்). கைபேசியில் உணரிகளின் அளவீட்டைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மேசையில் சும்மா கிடக்கும்போதே நிலைக்குத்து அச்சில் 9.8 (புவியீர்ப்பின் அளவு) என்று காட்டும். தலையணைக்கு மேலே பிடித்துக் கைவிட்டால், விழும் கணத்தில் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கி, மோதும்போது ஒரேயடியாகப் பாயும்.

மனிதர் அப்படிக் கல்லுப்போல விழுவதில்லை. சுவரைப் பிடிப்பார், முழங்கால் மடியும், இறக்கம் பாதியில் நின்றுவிடும். அதனால் நல்ல கைப்பட்டி இறக்கத்தை மட்டும் நம்புவதில்லை. பின்னால் வரும் மோதலையும், அதற்குப் பிறகு ஆள் அசையாமல் கிடப்பதையும் சேர்த்துப் பார்க்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர். பிள்ளைகள் ரொறன்ரோவில் இருக்க, கிணற்றடியில் சறுக்கி விழுந்த அம்மம்மா எழும்ப முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பது நம் ஊரில் தெரியாத கதையல்ல. தாதியரும் வாசிக்கப்போகும் கட்டுரை என்பதால்தான் சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

> முடுக்கமானி ஏற்கெனவே நிலைத்த சொல். ஏன் வேறு?

தமிழகத்தில் நிலைத்த சொல். இங்கே இலங்கையில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முடுக்கம், அதாவது வேகம் கூடுவது, ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அமர்முடுகல். அப்படியானால் ஆர்முடுகல்மானி என்றே எழுதலாமே என்று மருத்துவபீட நண்பர் கேட்கிறார். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கருவி கூடுவதையும் குறைவதையும் சேர்த்தே அளக்கிறது; பாதிப் பெயரை ஏன் சூட்டவேண்டும்? ஆர், அமர் இரண்டையும் கழற்றினால் மிஞ்சுவது முடுகு. தமிழகத்து முடுக்கத்துக்கும் அதுவே வேர். திருப்புகழ் பாடுபவர்களுக்கு, விரைந்தோடும் நடையான முடுகு புதிதும் அல்ல. முடுகுமானி என்று வைப்போம். வெப்பமானி, அம்பியர்மானி வரிசையில் அது ஒட்டிக்கொள்ளும்.

‘முடுகுகிற மானி’ என்று பொருள்படாதா என இலக்கணக்காரர் ஒருவர் வரத்தான் போகிறார். உண்கலம் உண்ணுகிற கலமா? (சுடுகாடும் நினைவுக்கு வந்தது. முதியோர் கட்டுரைக்கு அது வேண்டாம்.)

பறவைக் கட்டுரையிலும் சொல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். செய்மதித் தடங்காட்டி பறவை எங்கே என்று சொல்லும். 2021இல் மன்னாரில் கருவி பூட்டிய கடற்காகம் ஆர்க்டிக் வரை போனதை அப்படித்தான் கண்டார்கள். என்ன செய்கிறது என்று சொல்வது முடுகுமானி. சிறகடித்தால் அலை அலையாகப் பதியும், மிதந்து போனால் கோடு தட்டையாகும், தலை குனிந்து இரை தேடினால் புவியீர்ப்பு விழும் அச்சு மாறும். பாரந்தான் சிக்கல். உடல் எடையில் 3 வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. மண்டைதீவுக் கரையில் ஓடித்திரியும் கொசு உள்ளான் 25 கிராம் அளவுதான். மின்கலம் உட்பட எல்லாம் முக்கால் கிராமுக்குள் அடங்கவேண்டும்.

அதைச் சாத்தியமாக்கியது சில்லுத் தொழில். சிலிக்கனிலேயே ஒரு சிறு கட்டியை மெல்லிய வில்களில் தொங்கவிட்டு, அதன் இரு பக்கமும் சீப்புப் பற்கள் செதுக்குகிறார்கள். எதிர்ச் சீப்பின் பற்களோடு உள்ள இடைவெளி ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர். கட்டி ஒதுங்கினால் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாறும், அதைத்தான் அளக்கிறார்கள். கட்டியை விடுவிக்க அடியில் இருக்கும் ஒட்சைட்டுப் படையை (அடுக்கை) ஐதரோபுளோரிக் அமிலத்தால் கரைப்பதுண்டு. அதைத் தியாகப் படை என்று மொழிபெயர்த்திருக்கிறார் கட்டுரையாளர். நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும் ஐயா! கரைபடை போதும்.

தொங்கும் கட்டிக்கு ‘தொங்கு திணிவு’ என்று போட்டிருக்கிறேன். நிறை என்று எழுதவேண்டாம். தமிழகத்தில் அது திணிவு, இங்கே அது எடை. ஒரே பக்கத்தில் இரண்டு நாட்டு மாணவரும் குழம்புவார்கள்.

முடுகுமானிக்கு முதல் முறை மட்டும் அடைப்புக்குள் முடுக்கமானி என்று கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் பக்கம் கட்டப்போகிறார்கள்.