பூசைப் பொங்கலை வேண்டாம் என்றது சரியா?

கடற்கரைப்பெண்:
திருகோணமலை டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் முதலாளி அம்மா சுடச்சுடப் பொங்கலை வாழையிலைத் துண்டில் வைத்து முதலில் எனக்குத்தான் நீட்டுவா. போன கிழமை "நான் வேதக்காரி, கிறிஸ்தவள், வேண்டாம்" என்று சொன்னதும் அவவின் முகம் சுருங்கிப்போனது, எனக்கு இரவெல்லாம் நித்திரையில்லை. நான் செய்தது சரியா?

உப்புவெளியான்:
தங்கச்சி, பைபிளில் 1 கொரிந்தியர் 10-ஐ ஒருக்கா முழுதாக வாசியுங்கோ. முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்கிற, அதை எழுதிய பவுல், சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் விட்டுவிடு என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார். நீங்கள் விட்டது பிழையில்லை, சொன்ன விதம் கொஞ்சம் வெட்டென்று இருந்திருக்கும். காரணத்தை ஆறுதலாக அவவிடமே சொல்லுங்கோ.

நிலாவெளி மீன்காரன்:
நான் வாங்கிச் சாப்பிடுகிறேன், மனம் குத்தவில்லை. பைபிளிலேயே ரோமர் 14-இல் சாப்பிடுகிறவருக்கும் விடுகிறவருக்கும் இடமிருக்கிறது. எனக்குப் போராட்டமெல்லாம் தராசடியில்தான். ஐஸ் தண்ணி வடிய முன்னம் நிறுத்தால் லாபம், சனமும் கவனிக்காது, ஆனால் நீதிமொழிகள் 11 கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. அதனால் மீனை நன்றாக உதறிவிட்டுத்தான் தட்டில் வைப்பேன்.

கடற்கரைப்பெண்:
நன்றி அண்ணா. நாளைக்குக் கடை திறக்க முன்னமே அவவோடு கதைக்கிறேன். நத்தாருக்கு நான் கொடுத்த கேக்கை அவ பிள்ளைகளுக்கும் பொதிந்து கொண்டுபோனவ.