வங்கி வேலையை விட்டு டூவீலர் ஒர்க்‌ஷாப் போடலாமா? கணக்கும் கைவேலையும்

கூடுவாஞ்சேரி:
விவாதத்துக்கு நிலவரம் இதுதான். வயது 34. தனியார் வங்கிக் கிளையில் 9 வருட நிரந்தர வேலை, கைக்கு வருவது 55,000. வீட்டுக் கடன் அதே வங்கியில், தவணை 17,000. கையிருப்பு 8 லட்சம். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற டூவீலர் ஒர்க்‌ஷாப் போடணும் என்பது திட்டம். வேலை தெரிந்தது சொந்த வண்டியைப் பிரித்து மாட்டிய அளவுக்குத்தான். விடலாமா, கூடாதா? எண்ணோடு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரவுசெலவு:
கூடாது. காரணத்தை எண்ணிலேயே தர்றேன். 600 சதுர அடி இடத்துக்கு வாடகை 18,000 என்று வைத்துக்கொள்ளுங்க. அட்வான்ஸ் 10 மாதம், அதிலேயே 1.8 லட்சம் முடங்கிடும். தேறிய மெக்கானிக் ஒருத்தருக்கு 24,000, ஹெல்பருக்கு 13,000. கரன்ட், தண்ணி, டீ, வேஸ்ட் துணி, கிரீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 8,000. 5 லட்சம் கடன் வாங்கினால் 5 வருடத் தவணை 11,000 பக்கம் வரும். ஆக, ஷட்டரைத் தூக்கினாலே மாதம் 74,000 செலவு.

வரவு? ஜெனரல் சர்வீஸ் லேபர் 400, ஆயிலில் 60, ஸ்பேர்ஸில் சராசரி 120. ஒரு வண்டிக்கு 580. 74,000 தேற மாதம் 128 வண்டி வேணும், 26 நாளுக்கு தினம் 5. உங்க 55,000 சம்பளமும் அதிலிருந்தே வரணும் என்றால் 222 வண்டி, அதாவது தினம் எட்டரை. ஒரு மெக்கானிக் வாட்டர் வாஷ், ஆயில், பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர், செயின் எல்லாம் முடிக்க ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு கிளட்ச் பிளேட் வேலை வந்தால் தினம் 5 தாண்டாது. நீங்க கல்லாவில் உட்கார்ந்தால் வாடகைக்கும் சம்பளத்துக்கும் சரியாப் போயிடும்.

ரிங்ஸ்பேனர்:
உங்க கூட்டல் சரி சார். 580 என்கிற எண்தான் தப்பு. அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு.

2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ் 6 புகை விதி. 100 சிசி வண்டி வரைக்கும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. அந்த வருடம் வித்த வண்டிகளுக்கு வாரண்டி முடிஞ்சு இப்போ தெருமுனைக் கடைக்குத்தான் வருது. நல்ல கைக்காரர் பல பேர் கோளாறு கோடைப் படிக்கிற ஸ்கேனரைத் தொடவே தயங்குறாங்க. சாதா சர்வீஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கோளாறைச் சரியாக் கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத பிஎஸ் 6 ஸ்கூட்டர் ஒண்ணு வருதுன்னு வைங்க. பாதி இடத்தில் எடுத்த எடுப்பில் ஃபியூல் பம்ப்பை மாத்துறாங்க, 3,000 ரூபாய்க்கு மேல். முதலில் மல்டிமீட்டரை எடுக்கணும். சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தா பேட்டரி, இல்லேன்னா எர்த் கனெக்‌ஷன். அது சரியா இருந்தா சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்க. ரெண்டு, மூணு செகண்ட் பம்ப் உறுமுற சத்தம் கேட்கும். கேட்கலேன்னா ஃபியூஸ், ரிலே, வயர் எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. சத்தம் கேட்டும் ஸ்டார்ட் ஆகலேன்னா ஃபியூல் பிரஷர் கேஜ் மாட்டுங்க. பல வண்டிகளில் 3 பார் பக்கம் இருக்கணும். அதுக்கப்புறம்தான் இன்ஜெக்டர். இந்த வரிசையில் போனா பாதி வண்டி பேட்டரியிலயும் எர்த்திலயும் முடிஞ்சிடும்.

வரவுசெலவு:
வரிசை அருமை. அந்த 20 நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பார்? எர்த் போல்ட்டை முறுக்கினதுக்கு 300 கேட்டால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். பார்ட் மாற்றினால் கொடுப்பார். தெரு ஒர்க்‌ஷாப்பின் நிஜம் இது.

இன்னொன்று, எலக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்குக் கடையில் ரிட்டர்ன் கிடையாது. ஓ2 சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளக்கிறது) என்று நினைத்து வாங்கி, கோளாறு சைலன்சர் கேஸ்கெட் லீக் என்று தெரிந்தால் அந்தச் சென்சார் உங்க அலமாரியில்தான் கிடக்கும். மாதம் இரண்டு முறை இப்படி நடந்தால் மெக்கானிக் சம்பளத்தில் கால் பங்கு போச்சு. திரும்பி வர்ற வண்டிக்கு லேபரும் கிடையாது, அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டிய வேறொரு வண்டியும் போச்சு. புதுசா வர்றவரை விழுங்குறது வாடகை இல்லை, இந்தத் திரும்பி வர்ற வண்டிதான்.

ரிங்ஸ்பேனர்:
ஓ2 சென்சார் விஷயத்தில் உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஹோண்டாவில் மீட்டரில் இருக்கிற இன்ஜின் கோளாறு விளக்கு ரெண்டு நீளம், ஒரு குட்டின்னு சிமிட்டினா கோட் 21. நீளம் ஒண்ணுக்கு பத்து, குட்டிக்கு ஒண்ணு. அது ஓ2 சென்சார் சர்க்யூட்டைக் காட்டுது, சென்சாரே போச்சுன்னு சொல்லல. கனெக்டரில் தண்ணி, வயர் அறுந்தது, சைலன்சர் லீக் மூணையும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகணும். வாட்டர் வாஷ் பிரஷரைச் சீட்டுக்கு அடியில் நேரா அடிக்கிற பழக்கத்தை நிறுத்தினாலே இதில் பாதி வராது.

செக்கிங் சார்ஜ் பத்தி: வண்டியை ராம்ப்பில் ஏத்தும் முன்னாடியே "செக்கிங் 200, வேலை இங்கேயே செஞ்சா பில்லில் கழிச்சுக்கலாம்"னு போர்டில் எழுதி வைக்கணும். முன்கூட்டிச் சொன்னா கொடுக்கிறாங்க. முடிஞ்ச பிறகு கேட்டாத்தான் தகராறு.

திரும்பி வர்ற வண்டிக்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம். 110 சிசி ஸ்கூட்டர் பலதுக்கு ஆயில் 650-லிருந்து 700 மில்லி போதும். 800 மில்லி டப்பாவை அப்படியே கவுத்தா, அதிகப்படி ஆயில் பிரீதர் (இன்ஜின் காற்று வெளியேறுற குழாய்) வழியா ஏர் ஃபில்டரில் ஏறி நனைச்சிடும். நாலு நாளில் வண்டி புகையோட திரும்பும். ஆயில் டப்பாவில் போட்டிருக்கிற ஜாசோ தரம் ஸ்கூட்டருக்கு எம்பி, கியர் வண்டிக்கு எம்ஏ2. எம்பி ஆயிலைக் கியர் வண்டியில் ஊத்தினா ஆயிலில் நனையுற கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

டிரெயின் போல்ட் இன்னொரு வம்பு. இன்ஜின் கேஸ் அலுமினியம். நீளமான ஸ்பேனரில் கைக்கு வந்த பலத்தில் முறுக்கினா மரை உரிஞ்சு வெள்ளிச் சுருள் மாதிரி போல்ட்டோடயே வந்திடும். சுமார் 25 நியூட்டன் மீட்டர்தான் தேவை. வாஷரையும் மாத்தணும். உரிஞ்சிட்டா ஹெலிகாயில் (புது மரைச் சுருள்) போடணும், செலவு கடைக்காரர் தலையில். அதனால ஸ்கேனருக்கு முன்னாடி வாங்க வேண்டியது ரெண்டு டார்க் ரெஞ்ச் (முறுக்குற பலத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்): 5-25 நியூட்டன் மீட்டர் ஒண்ணு, 20-100 ஒண்ணு.

மின்கலம்:
இரண்டு பேரும் பெட்ரோல் வண்டியைப் பற்றியே பேசுறீங்க. ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப் ஹோசூரிலிருந்தும், ஓலா போச்சம்பள்ளியிலிருந்தும் வந்துகொண்டே இருக்கு. அதில் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது. 580 கணக்கிலிருந்து 60 நேராகப் போயிடும். கன்ட்ரோலர், பேட்டரி மேனேஜ்மென்ட் எல்லாம் கம்பெனி சாஃப்ட்வேரில் பூட்டி இருக்கு, வெளிக்கடைக்குப் பார்ட்ஸும் சுலபமாக வராது. 34 வயதில் ஆரம்பிக்கிறவர் இன்னும் 20 வருடத்தைப் பார்க்கணும்.

ரிங்ஸ்பேனர்:
டயர், பிரேக் பேட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் புஷ், ஸ்டீயரிங் கோன்செட் (ஹேண்டில் பேரிங்) இதெல்லாம் மின் வண்டியிலும் தேயும். அண்ணே, இன்னிக்கு விக்கிற பெட்ரோல் வண்டியே பத்து வருடத்துக்கு மேல ஓடும். ஆனா கடை போடும்போதே டயர் மாத்துற மெஷினுக்கு இடம் விட்டுடணும், அதை ஏத்துக்கிறேன்.

கூடுவாஞ்சேரி:
கடனைப் பிஎம்இஜிபி என்கிற மத்திய அரசு சுயதொழில் திட்டத்தில் எடுத்தால் மானியம் உண்டே? வேலையில் இருந்துகொண்டே மனைவி பெயரில் போடலாமா?

வரவுசெலவு:
அவசரப்படாதீங்க. பிஎம்இஜிபியில் சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 15 சதவீத மானியம், சொந்தப் பணம் 10 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவு: மானியம் 25, சொந்தப் பணம் 5. கிராமப்புறத்துக்கு இன்னும் 10 சதவீதம் கூடும், ஆனால் உங்க ஊர் கூடுவாஞ்சேரி நகராட்சி, அதனால் அது கிடைக்காது. கணவன், மனைவி சேர்ந்து ஒரு குடும்பம், அதில் ஒருத்தருக்குத்தான். மனைவி பெயரில் எடுத்தால் உங்க வாய்ப்பு தீர்ந்தது. மானியம் உங்க கைக்கு வராது, 3 வருடம் வங்கியில் டெபாசிட்டாக நிற்கும். புதுத் தொழிலுக்கு மட்டும்தான். சேங்ஷனுக்கு முன்னாடியே கடையைத் திறந்து பில் போட ஆரம்பித்தால் தகுதி போயிடும். செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

கடனை விடப் பெரிய விஷயம் வீட்டுத் தவணை. அதே வங்கியில் ஊழியர் சலுகை வட்டியில் எடுத்த கடனாக இருந்தால், ராஜினாமா அன்றே சலுகை போயிடும். ஒன்று வெளியாள் வட்டிக்கு மாறும், இல்லை முழுசாக அடைக்கச் சொல்வாங்க. சேங்ஷன் கடிதத்தை இன்றைக்கே எடுத்துப் படிங்க. 17,000 என்று போட்டது 21,000 ஆனால் மேலே சொன்ன எட்டரை வண்டி ஒன்பதைத் தொடும்.

கிராஜுவிட்டி 5 வருடம் தாண்டியாச்சு, கிடைக்கும். அடிப்படைச் சம்பளமும் டிஏவும் 30,000 என்றால் அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 9 வருடத்தால் பெருக்க, 1,55,800 பக்கம். பி.எஃப்-ஓடு வர்ற இபிஎஸ் பென்ஷனில் சேர்ந்திருந்தால் அதற்கு 10 வருடம் வேணும். இன்னும் ஒரே வருடம்தான். மருத்துவக் காப்பீடு அலுவலகத்தோடு போயிடும். இப்போதே தனி பாலிசி எடுங்க, ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கிற காலம் 3 வருடம் வரை இருக்கு.

ரிங்ஸ்பேனர்:
அந்த ஒரு வருடம் கிடைக்குதே தம்பி, அதை வீணாக்காதீங்க. ஐடிஐ-யில் டூ அண்ட் த்ரீ வீலர் மெக்கானிக் ட்ரேட் ஒரு வருடம்தான், ஆனா பகல் வகுப்பு, வேலையோட முடியாது. ஞாயிறும் ரெண்டாம், நாலாம் சனியும் ஒரு நல்ல பட்டறையில் சம்பளம் வாங்காம நில்லுங்க. ஆறு நாள் ஸ்பேனர் பிடிக்கிறவரைவிட மெதுவாத்தான் வரும், பரவாயில்லை.

யார் உதவியும் இல்லாம நாலு வேலை செஞ்சு முடிக்கணும். ஸ்கூட்டரின் சிவிடி (கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் டிரைவ்) பெல்ட்டும் ரோலரும் மாத்தி, வேரியேட்டர் நட்டைச் சரியான டார்க்கில் முறுக்கணும். கோன்செட் மாத்தி ஹேண்டில் இறுகாம, ஆடாம நிற்கணும். டேப்பெட் (வால்வு) இடைவெளியை ஃபீலர் கேஜில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் வைக்கணும். இன்ஜினுக்குக் காற்று விடுற த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணி ஐடில் நிலைக்கணும், உள்பூச்சை கார்ப் ஸ்ப்ரேயில் கரைக்காம. நாலும் திரும்பி வராம போச்சுன்னா ராஜினாமா லெட்டர் கொடுங்க.

வரவுசெலவு:
இந்த நிபந்தனையோடு என்றால் என் "கூடாது"வை "இப்போது கூடாது" என்று மாற்றிக்கொள்றேன். ஆனால் மெக்கானிக் மேலே என் சந்தேகம் போகலை. ஆறு மாதத்தில் வேலை கற்ற பையன் 200 அடி தள்ளிச் சொந்தக் கடை போட்டால், பாதி வண்டி அவனோடு போகும்.

ரிங்ஸ்பேனர்:
போகும். தடுக்க முடியாது. அதனாலதான் வண்டிக்காரர் பெயர், நம்பர், கிலோமீட்டர், எந்தத் தேதியில் எந்த பார்ட் போட்டதுன்னு ஜாப் கார்டு கடைக்காரரே எழுதணும், வண்டியைக் கையில் கொடுக்கும்போது கடைக்காரரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கணும். வண்டிக்காரர் கண்ணுக்கு வேலை செஞ்சவர் அவர்தான்.

கூடுவாஞ்சேரி:
சேங்ஷன் கடிதம் எடுத்தாச்சு. வேலையை விட்டால் 90 நாளுக்குள் பொது வட்டிக்கு மாறும் என்று 7-வது பத்தியில் இருக்கிறது. தவணை எவ்வளவு ஆகும் என்று நாளைக்குக் கிளையில் கேட்டு எழுதுகிறேன். இந்த ஞாயிறு முதல் பட்டறை.