ஆப்ஜெக்ட் டயாகிராமில் அடுத்தடுத்த வேலைகளை எப்படிக் காட்டுவது?

கேள்வி
ஆர்டர் வருவதிலிருந்து பணம் வசூலாகும் வரை நடக்கிற வேலைகளை யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பைப் படமாகக் காட்டும் குறியீட்டு முறை) ஆப்ஜெக்ட் டயாகிராமாக வரைந்தேன். ஆர்டர்101, டெலிவரி55, பில்78 என்று பெட்டிகள். நடுவில் அம்புக்குறி போட்டு 1, 2, 3 என்று எண் கொடுத்தேன். 'மேலாளர் ஒப்புதல் தராவிட்டால்?' என்ற கிளையை எங்கே வைப்பது என்று இரண்டு நாளாக முழிக்கிறேன். எங்கே தப்பு?

பதில் 1
ஆப்ஜெக்ட் டயாகிராம் ஒரு கணத்தில் எடுத்த போட்டோ மாதிரி. அதில் முன்பின் கிடையாது. பெட்டிகளை இணைக்கும் கோடு லிங்க். 'இந்த பில் இந்த ஆர்டருக்கு உரியது' என்று மட்டும்தான் அது சொல்லும். ஒப்புதல், நிராகரிப்பு எல்லாம் வேலைகளின் வரிசையையும் கிளைகளையும் காட்டுகிற ஆக்டிவிட்டி டயாகிராம் (இதுவும் யூஎம்எல்தான்) அல்லது பிபிஎம்என் (தொழில் நடைமுறைகளை வரையும் குறியீட்டு முறை) பக்கம் போக வேண்டியவை. வரைந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

பதில் 2
அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். அம்புகளையும் எண்களையும் அழித்துவிட்டு, ஒரே ஆர்டரை மூன்று தருணங்களில் தனித்தனிப் படமாக வரையுங்கள். பெட்டியின் தலைப்பில் 'ஆர்டர்101 : ஆர்டர்' என்று பெயரும் வகையும் எழுதி அடிக்கோடிடுங்கள்; கீழே நிலை = ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அடுத்த படத்தில் அந்த மதிப்பு மாறும், புது லிங்க் வரும். ஒழுங்காக முடிகிற ஆர்டரை எடுக்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. கேட்டது 10, இருப்பில் 6 என்கிற மாதிரி வில்லங்கமானதாக எடுங்கள்.

கேட்டவர்
அந்த 10, 6 கணக்கையே வரைந்தேன். மூன்றாவது படத்தில் மாட்டிக்கொண்டேன். டெலிவரி55-இல் 6 போய்விட்டது. மீதி 4-க்கு டெலிவரி56 வேண்டும். என் கிளாஸ் டயாகிராமிலோ (எந்த வகைப் பொருள் எதோடு, எத்தனை இணையலாம் என்ற பொது விதிப் படம்) ஒரு ஆர்டருக்கு ஒரே டெலிவரிதான்! அதை 1..* (ஒன்றோ அதற்கு மேலோ) என்று மாற்றிவிட்டேன். இப்போது ஆர்டரின் நிலை என்ன? 'அனுப்பியாயிற்று' என்றால் பொய், 'அனுப்பவில்லை' என்றாலும் பொய்.

பதில் 2
'பகுதி அனுப்பியது' என்று ஒரு நிலையைச் சேர்க்கலாம். ஆனால் கேட்ட அளவு, அனுப்பிய அளவு இரண்டையும் ஆர்டரின் ஒவ்வொரு வரியிலும் (ஒரு பொருளுக்கு ஒரு வரி) வைத்துவிட்டு, ஆர்டரின் நிலையை அவற்றிலிருந்து கணக்கிடுவதே என் பழக்கம். கையால் மாற்றுகிற நிலை என்றைக்காவது ஒருநாள் காலை வாரும். அப்புறம், அந்த 1..* ஆப்ஜெக்ட் டயாகிராமில் வரக் கூடாது. அங்கே இரண்டு டெலிவரிக்கு இரண்டு லிங்க், அவ்வளவுதான்.

கேட்டவர்
சரி, வரி அளவில் மாற்றுகிறேன். ஒப்புதல் கிளையை ஆக்டிவிட்டி டயாகிராமுக்குக் கொண்டுபோய்விட்டேன். பில்லும் இரண்டாகுமா என்று கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும்.