பெய்ரூட், கெய்ரோ எக்ஸ்பெரிமெண்டல் இசை: உள்ளூர் சரக்கா, ஐரோப்பா இறக்குமதியா?

நாடோடி77:
பெய்ரூட்ல 2000-ல ஆரம்பிச்ச இர்திஜால்ங்கற எக்ஸ்பெரிமெண்டல் இசை விழாவோட ரெக்கார்டிங்லாம் வரிசையா கேட்டேன். ட்ரம்பெட்ல ரப்பர் ட்யூப் சொருகி ஊதுறது எனக்கு இசையா படல. ஐரோப்பாக்காரன் அறுபதுகள்லயே பண்ணிப் பாத்த சமாச்சாரம்தானே இது, எகிப்து பாடகி உம் குல்தூம் பாட்டுக்கு மயங்குற ஜனங்களுக்கு இதுல என்ன இருக்கு?

கெய்ரோபித்தன்:
ஐரோப்பால இருந்து வந்துச்சுன்னு எத வச்சு சொல்றீங்க? ஹலீம் எல்-தாப் எகிப்துக்காரர். 1944-ல ரேடியோ நிலையத்துல வயர் ரெக்கார்டர் (கம்பில ஒலிய பதியுற மெஷின்) கடன் வாங்கிட்டு, ஆவிய சாந்தப்படுத்துற ஸார் சடங்குக்குப் போய் அங்க பொம்பளைங்க பாடுனத பதிவு பண்ணி, ஸ்டுடியோல எதிரொலி ஏத்தி, குரலோட அடிப்படை சுருதிய வடிகட்டிட்டு மிச்சம் நிக்கிற ஓவர்டோன (அடிப்படை சுருதிக்கு மேல கூடவே ஒலிக்கிற துணைச் சுருதிங்க) வச்சே ஒரு பீஸ் பண்ணிட்டார். பதிவு பண்ண சத்தத்த வச்சு இசை பண்றதுக்கு முன்னோடின்னு சொல்ற பியர் ஷெஃபேர் பாரிஸ்ல ரயில் சத்தத்த வச்சு பண்ணது 1948-ல தான்.

நாடோடி77:
அவர் பெரிய ஆளு, மறுக்கல. ஆனா 1950-ல அமெரிக்கா போயிட்டார், ஊர்ல அவர் பாதையில ஒரு கூட்டம் உருவாகலயே. நிஜமான இண்டிபெண்டண்ட் இசைன்னா மஹ்ரகானாத் தான் ப்ரோ. கெய்ரோ ஏழைப்பட்ட ஏரியா பசங்க கம்ப்யூட்டர்ல பீட் போட்டு, ஆட்டோட்யூன் ஏத்தி, கல்யாண வீட்டுல தெருவ அடச்சு ஆட வச்சாங்க. 2020 பிப்ரவரில எகிப்து இசைக்கலைஞர் சங்கம் (சிண்டிகேட்) இந்த இசைக்கு தடையே போட்டுச்சு. அரசு பயப்படுறது அந்தப் பசங்களப் பாத்துதான்.

கெய்ரோபித்தன்:
ரெண்டையும் எதுக்கு மோத விடணும்? மஹ்மூத் ரிஃபாத் நடத்துற ஹண்ட்ரட் காப்பீஸ்னு கெய்ரோ லேபிள், ஆரம்பத்துல எக்ஸ்பெரிமெண்டல் டிஸ்க்தான் போட்டுச்சு, அப்புறம் அதே ஆளுதான் மஹ்ரகானாத் பசங்களுக்கும் ஸ்டுடியோவ தொறந்து விட்டார். நீங்க தனித்தனியா பிரிக்கிற ரெண்டு கூட்டமும் அங்க ஒரே ரூம்ல உக்காந்து வேல பாத்தவங்க.

சுருதிப்பெட்டி:
நடுவுல ஒரு விஷயம். பயாத்தி மக்காம (மக்காம்னா அரபு இசைல ராகம் மாதிரி) டி-ல ஆரம்பிச்சா ரெண்டாவது ஸ்வரம் இ-க்கும் இ ஃப்ளாட்டுக்கும் நடுவுல நிக்கும், கீபோர்டுல அதுக்கு கட்டையே கிடையாது. 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டுலயே பியானோ அரபு இசைக்கு ஒத்து வருமான்னு பெரிய சண்ட. இசைக்கலைஞர் கய்யாம் அல்லாமி 2021-ல லெய்மா, அப்போட்டமின்னு ரெண்டு சாஃப்ட்வேர் கொண்டு வந்தார், பிரவுசர்லயே ட்யூனிங்க நம்ம இஷ்டத்துக்கு வச்சு வாசிக்கலாம். எலக்ட்ரானிக் இசைன்னாலே பன்னெண்டு ஸ்வரம்தான்னு இருந்தத உடைக்கிற வேல இது, இதப் போய் இறக்குமதின்னு எப்படி சொல்றது?

நாடோடி77:
அது சரி, நல்ல வேல. ஆனா என் கேள்வி ட்ரம்பெட்ட பத்தி.

கெய்ரோபித்தன்:
அப்ப லெபனான் ட்ரம்பெட் கலைஞர் மாஸன் கெர்பாஜோட ஸ்டாரி நைட்ங்கற ரெக்கார்டிங்க கேளுங்க. 2006 ஜூலை, இஸ்ரேல் விமானம் பெய்ரூட்ல குண்டு போட்டுட்டு இருக்கு, இவர் பால்கனில நின்னு ட்ரம்பெட்ல மூச்சு மட்டும் விடுறார். குண்டு விழுது, கார் அலாரம்லாம் அலறுது, நாய் குலைக்குது, அப்பவும் நிறுத்தல.

நாடோடி77:
இப்பதான் கேட்டு முடிச்சேன். உலுக்கிடுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா உலுக்குனது குண்டு. ட்ரம்பெட் இல்லாட்டியும் இதே அளவு உலுக்கியிருக்கும்.

கெய்ரோபித்தன்:
ட்ரம்பெட் இல்லன்னா அது நியூஸ்ல வர்ற சத்தம், கேட்டுட்டு கடந்து போயிருப்போம். அடுத்த குண்டு எப்ப விழும்னு தெரியாத அந்த இடைவெளில ஒருத்தன் மூச்சு கேக்குது பாருங்க, அதனாலதான் அந்த அமைதியையே நம்மளால தாங்க முடியல. அத உருவாக்குனது வாசிக்கிறவன்.