ஹைட்ரஜன் எரிபொருள் கலப் பங்குகள்: இன்னும் காத்திருப்பதில் பொருள் உண்டா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பங்குச் சந்தையைப் பாடமாக நடத்தியிருக்கிறேனே தவிர, அதில் பெரிதாக இறங்கியதில்லை. 2021 ஜனவரியில், ஹைட்ரஜன்தான் நாளைய பெட்ரோல் என்று திரும்பிய பக்கமெல்லாம் பேச்சாக இருந்தபோது, வெளிநாட்டுப் பங்கு வாங்க வசதி தரும் ஒரு செயலியின் வழியாக, எரிபொருள் கலம் தயாரிக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. அன்று போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இன்று கையில் நிற்பது மூன்று, நான்கு ரூபாய்.

பணம் போனதைவிட என்னை அதிகம் குழப்புவது வேறொன்று. ஹைட்ரஜனை உள்ளே அனுப்பினால் மின்சாரமும் தண்ணீரும் வெளியே வருகின்றன, புகையே இல்லை என்று படித்தபோது இதில் குறை காண எனக்கு எதுவும் தெரியவில்லை. நம் அரசும் 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்துப் பார்த்தார்கள். அரசுகள் இவ்வளவு அக்கறை காட்டும் ஒரு துறையில் முதலீட்டாளர்களின் பணம் மட்டும் ஏன் இப்படிக் கரைகிறது? இது தற்காலிகச் சரிவா, அல்லது நான் அடிப்படையிலேயே எதையாவது தவறாகப் புரிந்துகொண்டேனா?

பதில் 1: சவ்வும் சாம்பலும்

ஐயாவுக்கு வணக்கம். நான் பொருளறிவியல் ஆய்வில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகள் எரிபொருள் கலச் சோதனை மேசையின் முன் அமர்ந்து கழித்தவன். கருவியைப் பற்றி நீங்கள் படித்தது சரியே. வில்லியம் குரோவ் 1839-லேயே இதன் அடிப்படையைக் காட்டிவிட்டார். நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களில் மின்சாரம் தந்ததும், விண்வெளி வீரர்கள் குடித்த தண்ணீரைத் தந்ததும் எரிபொருள் கலங்கள்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ளங்கை அளவுக் கலம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; வெளியேறும் குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழும். முதல்முறை பார்க்கும் எவருக்கும் அது அதிசயம்தான்.

அதன் நடுவில் இருக்கும் சவ்வு, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போன்றது. அது ஈரமாக இருந்தால்தான் ஹைட்ரஜனிலிருந்து பிரியும் புரோட்டான்கள் கடந்து போகும். காய்ந்தால் மின்தடை ஏறிவிடும். ஈரம் மிகுந்தால் காற்று நுழையும் துளைகளில் தண்ணீர் தேங்கி மின்னழுத்தம் விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அதை வைத்துக் காப்பாற்றுவதிலேயே என் ஆய்வுக்காலத்தில் பாதி போனது. இருபுறமும் பூசப்படும் பிளாட்டினத்தின் விலை தனிக்கதை. ஆனாலும் இவை பொறியியல் தொல்லைகள். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் வருகின்றன.

தீராத தொல்லை ஹைட்ரஜனில் இருக்கிறது. அது நிலத்தடி எண்ணெயைப் போலத் தோண்டியெடுத்து உடனே எரிக்கும் பொருளாகப் பெருமளவில் கிடைப்பதில்லை. வேறொரு ஆற்றலைச் செலவழித்துத்தான் பெற வேண்டும். கணக்கை மின்வாரிய யூனிட்டிலேயே சொல்கிறேன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட். எரிபொருள் கலம் அதில் பாதியை, நன்றாக ஓடினால் பாதிக்குச் சற்று மேலாக, மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆக 17 யூனிட் அளவுக்குக் கையில் வரும். இடையில் அந்த வாயுவைக் கார்களுக்கென்றால் 700 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு, அழுத்தத்துக்கு அமுக்க வேண்டும், அதற்கும் மின்சாரம். அதே 55 யூனிட்டை நேரடியாக ஒரு லித்தியம் பேட்டரியில் ஏற்றினால் 45 யூனிட்டுக்கும் மேல் திரும்பக் கிடைக்கும். பேட்டரியின் விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் சரிந்த வேகத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், கார் சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் வியப்பு இல்லை. டொயோட்டா மிராய் 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கென எரிபொருள் நிரப்பும் நிலையங்களைக் கலிஃபோர்னியாவில் திறந்த ஷெல் நிறுவனமே 2024-இல் கார்களுக்கான தன் நிலையங்களை அங்கே மூடிவிட்டது.

"தூய்மை" என்ற சொல்லும் ஹைட்ரஜனின் பிறப்பைப் பொறுத்தது. உலகில் இன்று ஆகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வண்டியின் புகைக்குழாயில் தண்ணீர் சொட்டலாம். ஆலையின் புகைபோக்கியைப் பார்க்காமல் கணக்கை முடிக்கக் கூடாது.

அரசுத் திட்டத்தைப் பற்றி ஒன்று. நம் நாட்டுத் திட்டத்தின் இலக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன். அது முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்கள் உர ஆலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், பின்னர் எஃகு ஆலைகள். அங்கே ஹைட்ரஜன் ஒரு மூலப்பொருள்; எரிபொருள் கலத்துக்கு வேலையே இல்லை. அரசு ஹைட்ரஜனை விரும்புகிறது என்பதிலிருந்து எரிபொருள் கல நிறுவனம் பிழைக்கும் என்ற முடிவுக்கு வந்ததுதான், என் கணிப்பில், உங்கள் கணக்கு இடறிய இடம்.

பதில் 2: பேரேடு

மேலே உள்ள நண்பர் கருவியைச் சொன்னார். நான் காகிதத்தைச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகள் தணிக்கைத் தொழிலில் இருந்தவன்.

உங்களுடையது முதல் அலை அல்ல, ஐயா. கனடாவின் பல்லார்ட் பவர் சிஸ்டம்ஸ் 1979-இல் தொடங்கிய நிறுவனம். 1997-ஐ ஒட்டி டைம்லரும் ஃபோர்டும் அதில் பெரும்பணம் போட்டன. சில ஆண்டுகளில் எரிபொருள் கலக் கார்கள் கடைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் பங்கு 100 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டுகளில் சந்தைக்கு வந்த பிளக் பவர் என்ற அமெரிக்க எரிபொருள் கல நிறுவனமும் அப்படியே ஏறி, அப்படியே விழுந்தது. பல்லார்ட் தன் கார் பிரிவை அந்த இரண்டு கார் நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. 2025 ஏப்ரலில் அதன் பங்கு ஏறக்குறைய 1 டாலர். இருபத்தைந்து ஆண்டுகளாக "இன்னும் ஐந்தே ஆண்டுகள்" என்ற வாசகத்தை மட்டும் அவர்கள் மாற்றவேயில்லை.

இரண்டாம் அலை 2020-இல் வந்தது. வருமானம் என்று சொல்ல எதுவுமில்லாத நிகோலா என்ற லாரி நிறுவனத்தின் சந்தை மதிப்பு, அந்த ஆண்டு ஜூனில் சில நாட்கள் ஃபோர்டின் மதிப்பையே தாண்டி நின்றது. சாலையில் கம்பீரமாக ஓடுவதாக அவர்கள் காட்டிய லாரி, உண்மையில் சரிவில் உருட்டிவிடப்பட்டது என்பது பின்னர் வெளியானது. நிறுவனர் 2022-இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2025 மார்ச்சில் அதிபரின் மன்னிப்பைப் பெற்றார். நிறுவனமோ அதற்கு முந்தைய மாதமே திவால் மனு கொடுத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது மோசடியைப் பற்றி அல்ல. நேர்மையாக நடக்கும் நிறுவனத்திலும் உங்கள் பணம் கரையும் விதம் இருக்கிறதே, அதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. இந்நிறுவனங்கள் விற்பனையில் ஈட்டுவதைவிடச் செலவழிப்பது அதிகம். அந்தப் பள்ளத்தை நிரப்பப் புதிய பங்குகளை அச்சிட்டு விற்கின்றன. தோசை அதே அளவுதான். பந்தியில் ஆட்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். விலை மிகவும் தாழ்ந்து, பட்டியலிலிருந்து நீக்கப்படும் நிலை நெருங்கும்போது பல பழைய பங்குகளை ஒன்றாகச் சேர்த்து விலையை உயர்த்திக் காட்டுவார்கள்.

ஃபூயல்செல் எனர்ஜி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் 12 பங்குகளை ஒன்றாக்கியது. 2019-இல் மறுபடி 12-ஐ ஒன்றாக்கியது. 2024-இல் 30-ஐ ஒன்றாக்கியது. மூன்றையும் பெருக்கினால் 4,320. 2015-இன் தொடக்கத்தில் 4,320 பங்குகள் வைத்திருந்து, எதையும் விற்காமல் பொறுமை காத்தவரின் கணக்கில் இன்று இருப்பது ஒரே ஒரு பங்கு. இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. ஒவ்வொரு முறையும் முறைப்படி அறிவித்துத்தான் செய்தார்கள்.

எனவே உங்கள் பங்கின் விலை வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, அந்நிறுவனத்தின் 2020, 2024 ஆண்டறிக்கைகளைத் திறந்து, புழக்கத்தில் உள்ள பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

பதில் 3: பிராம்ப்டன் பண்டகசாலை

வணக்கம். நான் கனடாவில் ஒரு பெரிய உணவுப் பண்டகசாலையில் இரவுப்பணி மேற்பார்வையாளனாக இருக்கிறேன். பங்குகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தால் இந்தக் கருவிக்கு எங்குமே இடமில்லை என்பது போல ஒரு தோற்றம் வருகிறது, அது சரியல்ல.

எங்கள் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஹைட்ரஜனில்தான் ஓடுகின்றன. முன்பு ஈய அமிலப் பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை. மின்னேற்ற எட்டு மணி நேரம், ஆறவிட இன்னும் எட்டு மணி நேரம் என்பதால் மூன்று வேளைப் பணிக்கு ஒரு வண்டிக்கு இரண்டு, மூன்று பேட்டரிகள் வைத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கென்றே ஒரு பெரிய அறை. பணிநேரம் முடியும் தறுவாயில் வண்டி சோர்ந்துவிடும், உறைகுளிர் அறைக்குள் இன்னும் மோசம். இப்போது ஓட்டுநர் குழாயை மாட்டி, மூன்று நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போகிறார். கலத்தில் சேர்ந்த தண்ணீரையும் அப்போதே வடித்துவிடுகிறோம். ஒரு வேடிக்கை: எரிபொருள் கலப் பெட்டி பேட்டரியைவிட இலேசானது என்பதால், சுமை தூக்கும்போது வண்டி முன்பக்கம் குடைசாயாமல் இருக்க அதற்குள் இரும்புக் கட்டிகளை வைத்து எடையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரே கூரையின் கீழ், ஓய்வில்லாமல் ஓடும் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. மின்னேற்றம் வேகமாக ஆகும் லித்தியம் பேட்டரிகள் வந்துவிட்டதால் இதுவும் எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுமொழி: பேரேடு

தம்பி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். அந்தச் சந்தையில் முன்னணியில் இருப்பது பிளக் பவர். அமேசானும் வால்மார்ட்டும் அதன் வாடிக்கையாளர்கள். பயனாளிக்கு லாபமாக இருப்பது விற்பவருக்கும் லாபமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு அதுவே சான்று. வாடிக்கையாளருக்கு அந்நிறுவனம் விற்ற ஹைட்ரஜனின் விலையைவிட, அதை வாங்கிக் கொண்டுசேர்க்க ஆன செலவு பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தது. 2021 ஜனவரியில் 70 டாலரைத் தாண்டிய பங்கு அது. 2023 நவம்பரில், தொடர்ந்து தொழில் நடத்த இயலுமா என்ற ஐயம் இருப்பதாகத் தன் அறிக்கையிலேயே எழுதியது. 2025 மே மாதத்தில் அதன் விலை 1 டாலருக்கும் கீழே.

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பங்கு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டேன். வணிகவியல் ஆசிரியன் அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று என் மகள் சிரிக்கிறாள். ஒரே ஒரு ஐயம் மீதியிருக்கிறது. ப்ளூம் எனர்ஜி என்ற நிறுவனமும் எரிபொருள் கலம்தான் செய்கிறது. அதன் பங்கு மட்டும் 2025-இல் பன்மடங்கு ஏறியதே, அது எப்படி?

பதில் 4: சவ்வும் சாம்பலும்

நல்ல கேள்வி, ஐயா. ப்ளூம் நிறுவனர் கே.ஆர். ஸ்ரீதர் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில், இன்றைய என்.ஐ.டி.யில், படித்தவர். செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவி ஒன்றை நாசாவுக்காக உருவாக்கிக்கொண்டிருந்தவர், அதே வேதிவினையைத் திருப்பிப் போட்டு மின்சாரம் எடுக்கும் தொழிலை 2001-இல் தொடங்கினார்.

அவருடைய கலம் பீங்கானால் ஆனது. சுமார் 800 டிகிரி வெப்பத்தில் இயங்குகிறது. அந்த வெப்பத்தில் பிளாட்டினம் தேவைப்படுவதில்லை. அதைவிட முக்கியமாக, ஹைட்ரஜனை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவையே அது உண்டு மின்சாரமாக்கும். அதாவது, மற்ற நிறுவனங்களின் கழுத்தை நெரித்த ஹைட்ரஜன் செலவு அதற்கு இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மின் இணைப்புக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கும்போது, சில மாதங்களில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய மின்நிலையமாக அது விலைபோகிறது. 2024 நவம்பரில் ஏ.இ.பி. என்ற மின் நிறுவனம் 1,000 மெகாவாட் வரை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2025-இல் ஆரக்கிளும் சேர்ந்தது. ஆனால் எரிவாயு உண்ணும் கலம் கரியமில வாயுவை வெளியிடத்தான் செய்யும். எரிப்பு இல்லாததால் நைட்ரஜன் ஆக்சைடு போன்ற மற்ற நச்சுகள் மிகக் குறைவு என்பது உண்மை. சந்தை அதற்கு விலை கொடுத்தது மின்சாரம் விரைவில் கிடைக்கிறது என்பதற்காக. நீங்கள் 2021-இல் விலை கொடுத்த அந்தத் தூய்மைக்காக அல்ல.

பதில் 5: பேரேடு

ப்ளூம் 2018-இல் 15 டாலருக்குச் சந்தைக்கு வந்து, அடுத்த ஆண்டே 3 டாலருக்கும் கீழே போய், 2025-இல் 100 டாலரைத் தாண்டியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து உங்கள் பங்கும் எழும் என்று காத்திருப்பது, பக்கத்து வீட்டுத் தென்னை காய்த்ததால் நம் வீட்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

விற்கத் தீர்மானித்தால் ஒரு நடைமுறைச் செய்தி. வெளிநாட்டுப் பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன நட்டம். அதை நீண்டகால மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். கழிக்க ஆதாயம் இல்லாவிட்டால் அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். அதற்கு அந்த ஆண்டின் வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நிலமோ வீடோ விற்கும் எண்ணம் இருந்தால் இந்த நட்டம் உங்களுக்கு உதவும். விற்றாலும் விற்காவிட்டாலும், படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் இந்தப் பங்குகளை 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் காட்டியிருக்கிறீர்களா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.